உன் வள்ளத்துப் பலகையில் உம்மா சாய்ந்திருக்கிறாள்

மகனே,

உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் நான் இன்னும் பார்க்காத என் பேத்திக்கும் ஸலாம். உறையைப் பிரித்ததும் யாரோ தெரியாதவன் எழுதியிருக்கிறான் என்று ஒதுக்கி வைத்துவிடாதே. எழுதுவது உன் வாப்பாதான். ஓர் எழுத்து பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் இருக்கும். நேராகத் தொடங்கிய வரி பாதியில் மேலே ஏறிவிடும். சில இடங்களில் பேனா காகிதத்தையே கிழித்திருக்கிறது. அதையெல்லாம் பொறுத்துக்கொள். தோணியில் கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை இது. பேனாவைக் கொடுத்தால் துடுப்பைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிவிடுகிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. குர்ஆனை வலமிருந்து இடமாக ஓதிப் பழகியவன் நான். தமிழ் எழுத உட்கார்ந்தால் கை தானாக வலது ஓரத்துக்குப் போய்விடுகிறது. முதன்முதலில் உன் பெயரைத்தான் எழுதிப் பார்த்தேன். காதர் என்பதை அந்தப் பக்கமிருந்து தொடங்கி, எழுத்துகளை முன்பின்னாகப் போட்டு உம்மாவிடம் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. “மகன் பேர எழுதச் சொன்னா தர்காவக் கட்டி வச்சிருக்கீகளே!” என்றாள்.

இந்த வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது என்பதை நினைத்தால் யாரையாவது பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. தீப்பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். உப்பு மூட்டையில் எழுதியிருப்பது தெரியும். போன மாதம் இராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் போகும்போது வழியில் வந்த பலகையையெல்லாம் எழுத்துக் கூட்டி உரக்க வாசித்துக்கொண்டே போனேன். கண்டக்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “பாய், மனசுக்குள்ள வாசிங்க. டிரைவர் ஒவ்வொரு பேருக்கும் பிரேக்கு போடுறாரு” என்றார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

ஆனால் அந்தப் பஸ்ஸில் நான் எதற்குப் போனேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம். உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவள் ஜன்னலோரம் தலையைச் சாய்த்துக்கொண்டு நான் தப்பாக வாசித்ததைத் திருத்திக்கொண்டு வந்தாள். இதுவரை உனக்கு வந்த காகிதமெல்லாம் அவள் கையெழுத்து. ஒவ்வொன்றிலும் ‘இங்கு அனைவரும் சுகம்’ என்று எழுதியிருப்பாள். அது உண்மையில்லை. பல காலமாகவே அவளால் மல்லாந்து படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைக்கிறது. உட்கார்ந்தபடி சாய்ந்துதான் தூங்குகிறாள். காலில் தொடங்கிய வீக்கம் இப்போது கைக்கும் வந்துவிட்டது. விரலை மடக்க முடியாததால் பேனா பிடிக்க முடியாது. அதனால்தான் இந்தக் கோணல் எழுத்து. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீ ஒவ்வொரு காகிதத்திலும் ‘பத்திரமாக வைத்திருங்கள், வந்து ஓட்டுவேன்’ என்று எழுதுவாயே, உன் வள்ளம், அதை நான் அறுத்துவிட்டேன். கோபப்படு, ஆனால் கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படு.

நீ கொழும்புக்குப் போன பிறகு நான் ஒரு பெஞ்சு செய்தேன். வீட்டுக்குள் உம்மாவுக்குக் காற்று போதவில்லை. கடலைப் பார்த்த பக்கம் வெளியில் உட்கார்ந்தால் கொஞ்சம் மூச்சு விடுகிறாள். அதனால் முதுகு சாய்கிற மாதிரி நீளமாக ஒரு பெஞ்சு. கால்களுக்குப் பூவரசு, மேலே மாம்பலகை. நான் ஆசாரி இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் எத்தனை தோணிக்கு நடுக்கடலில் ஓட்டை அடைத்திருப்பேன், ஒரு பெஞ்சு எம்மாத்திரம் என்று நினைத்தேன். பலகைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்தேன். இருந்த இடுக்கிலும் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் காய்ச்சி ஊற்றி, தோணிக்கு அடிக்கிற மாதிரியே கலப்பத்து அடித்தேன். அதற்கு மேல் மீனெண்ணெய் பூசினேன். வெயில் ஏறியதும் ஊரில் உள்ள பூனையெல்லாம் வந்து பெஞ்சை நக்கத் தொடங்கின. உம்மா உட்கார்ந்தால் அவளையும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தன. “எனக்குப் பெஞ்சி செஞ்சீகளா, பூனைக்குப் பந்தி வச்சீகளா?” என்று கேட்டாள். வாசம் போக ஒரு கோடை ஆனது. ஆனால் பெஞ்சு மட்டும் அசையவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் புகாது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் புகத்தான் செய்தது மகனே. வெளியே போகத்தான் வழியில்லை. வாடைக்காலத்து மழை மேலே குளமாக நின்றது. துடைத்து விட்டாலும் ஆணி அடித்த ஓட்டை வழியே இறங்கி உள்ளே தங்கிவிட்டது. பிறகு மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று உப்பையும் மணலையும் கொண்டுவந்து அதன் மேல் அடைத்தது. வெளியில் பார்த்தால் மினுமினுவென்று நன்றாகவே இருந்தது. ஒருநாள் பலகையில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டப் போனேன், கட்டைவிரல் முழுதாக உள்ளே போய்விட்டது. களியில் விரல் விட்ட மாதிரி இருந்தது. திருப்புல்லாணியிலிருந்து ஆசாரியைக் கூட்டி வந்தேன். உனக்கு அவரைத் தெரியாது, நீ போன பிறகு இந்தப் பக்கம் வேலைக்கு வரத் தொடங்கியவர். பெஞ்சைச் சுற்றி வந்தார். குனிந்து இடுக்கில் இருந்த பஞ்சை நகத்தால் இழுத்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

“என்ன பாய், பெஞ்சியக் கடல்ல எறக்கப் போறீகளா?”

“தண்ணி புகாம இருக்கட்டும்னு செஞ்சேன் ஆசாரி.”

“வள்ளத்துக்குத் தண்ணி உள்ள வரக் கூடாது. பெஞ்சிக்கு, வந்த தண்ணி வெளிய போகணும். ரெண்டும் வேற வேற. நீங்க செஞ்சது மிதக்கும். ஆனா ஒக்காரத்தான் முடியாது.”

உம்மா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் முதுகில் குழலை வைத்துக் கேட்டுவிட்டு, இருதயம் தளர்ந்துவிட்டது, அதனால் உடம்பில் நீர் வெளியே போகாமல் நிற்கிறது என்று சொன்னார். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நானும் நீங்க செஞ்ச பெஞ்சிதான் போல. எனக்கும் கலப்பத்து அடிச்சு வச்சிருக்கீக” என்றாள். நானும் சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னாள். சிரித்தேன். டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அப்போது நான் அவளிடம் சொல்லவில்லை.

பெஞ்சை ஒக்கிட்டுச் சரிசெய்ய முடியுமா என்று என்னால் ஆனதெல்லாம் செய்து பார்த்தேன். நீயும் ஒருநாள் உன் மகளுக்கு ஒரு தொட்டிலோ முக்காலியோ செய்வாய் என்பதால் சொல்கிறேன். மக்கிய மரத்தை வெட்டும்போது கண்ணுக்குத் தெரிகிற மக்கலோடு நிறுத்தாதே. அதற்கு அப்பால் நல்ல மரத்திலும் கொஞ்சம் சேர்த்து வெட்டினால்தான் ஒட்டுப் போட்டது நிற்கும். நான் மனசு வராமல் ஓரத்திலேயே நிறுத்தினேன். புதுத் துண்டை வைத்து ஆணி அடித்தால் பழைய மரம் ஆணியைப் பிடிக்கவில்லை. அடிக்க அடிக்க உள்ளே போய்க்கொண்டே இருந்தது, மறுநாள் விரலால் இழுத்தால் துருவோடு வெளியே வந்தது. ஈர மணலில் நின்ற கால்கள் அடியில் பஞ்சாகிவிட்டன. மக்கியதை அறுத்துவிட்டுக் கல் வைத்தேன். அடுத்த மழைக்கு மறுபடி அறுத்தேன். பெஞ்சு உயரம் குறைந்துகொண்டே வந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க உம்மாவுக்கு ஆள் வேண்டியதாயிற்று. ஒரு பலகையை மாற்றினால் அதன் ஈரம் அடுத்த பலகைக்குப் போயிருக்கும். பழுது பார்த்தால் போதும் என்கிற காலம் ஒன்று உண்டு, அது எனக்குத் தெரியாமலே கடந்து போயிருந்தது. இதைச் சொல்லிக் கொடுக்க யாராலும் முடியாது. விரல் உள்ளே போகும்போதுதான் தெரிகிறது.

அந்தப் பெஞ்சில்தான் எனக்குப் பாடம் நடந்தது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அவள் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், நான் கீழே மணலில் உட்கார்ந்து விரலால் எழுதுவேன். காற்று வந்து அழித்தால், “காத்து ஒங்களவிட வெவரம், தப்ப விட்டு வைக்காது” என்பாள். தோணிக்காரர் சிலர் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். “என்ன காக்கா, கலெக்டர் வேலைக்கா?” என்று ஒருவன் கேட்டான். “இல்லடா, ஒனக்குப் பத்திரம் எழுத” என்றேன். வெட்கமே வரவில்லை மகனே. ‘அம்மா’ என்று எழுதிய அன்று நம் ஊரில் உம்மா என்றுதானே சொல்கிறோம், அதை எப்படி எழுதுவது என்று கேட்டேன். முதல் எழுத்தை மட்டும் மாற்றச் சொன்னாள். ஓர் எழுத்தை மாற்றினால் வேறு ஒரு வீட்டு உம்மா நம் வீட்டு உம்மாவாகி விடுகிறாள்! அன்றைக்கெல்லாம் அதையே மணலில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் என்னை விரட்டினாள். ஓர் எழுத்தை நான் ரசித்துக்கொண்டிருந்தால் அடுத்ததுக்குப் போகச் சொன்னாள். “எதுக்கு இந்த அவசரம்?” என்று கேட்டேன். “நீங்க மந்தம், அதான்” என்றாள்.

புதிதாக ஒரு பெஞ்சு செய்ய மரம் வேண்டும். மரக்கடைக்குப் போகிற நிலைமையில் நான் இல்லை. புயல் காற்றில் சாய்ந்த ஒரு வேம்பைக் கேட்டேன், அதை வேறு ஒருவர் கொண்டுபோய்விட்டார். நம்மிடம் இருந்த நல்ல மரம் உன் வள்ளம் மட்டுந்தான். ஓலைக் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டு, வெயில் படாமல் ஈரச் சாக்குப் போர்த்தி வைத்திருந்தேன். அதில் ஓட்டை ஒன்றும் இல்லை. தண்ணீரில் இறக்கினால் அன்றைக்கே ஓடும். அதைப் பற்றி நான் பேச்செடுத்ததுமே உம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

“அது என் மகன் வள்ளம். தொடக் கூடாது.”

“அவன் வந்து ஓட்டவா போறான்? பாஸ்போர்ட்டுங்கிறான், விசாங்கிறான். இங்கன வந்துட்டுத் திரும்பிப் போக விடுவாகளோ மாட்டாகளோன்னு எழுதுறான்.”

“வள்ளம் கெடந்தா வருவான். அதுவும் இல்லன்னா எதுக்கு வருவான், ஒங்க மூஞ்சியப் பாக்கவா?”

முன்னெல்லாம் தோணி ஏறினால் அக்கரை, அதற்குக் காகிதம் எதற்கு என்று இருந்த காலத்து மனுஷி அவள். இப்போதும் தனுஷ்கோடியில் கப்பல் நிற்கிறது, நீ ஏறி வந்துவிடலாம் என்று நினைக்கிறாள். நீ அங்கே கடையும் குடும்பமுமாக இருக்கிறாய், இங்கே வந்துவிட்டால் எந்தக் கரையும் உன்னைத் தன் ஆள் என்று சொல்லாமல் போய்விடும் என்ற உன் பயம் எனக்குப் புரிகிறது. அவளுக்கும் புரியாமல் இல்லை. புரிந்ததை ஒத்துக்கொள்ளத்தான் மனம் இல்லை.

பிறகு ஒரு காலையில், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே சாய்மானப் பலகை முறிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஈர ஓலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அவள் பின்பக்கமாகச் சரிந்து மணலில் மல்லாந்து விழுந்தாள். மல்லாந்தால் அவளுக்கு மூச்சு வராது என்று சொன்னேனே. உதடு கறுத்துப்போனது. நான் தூக்கிப் பிடிப்பதற்குள், பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வருவதற்குள், எனக்கு உயிர் போய்த் திரும்பியது. என் நெஞ்சில் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டேன். மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை அப்படியே இருந்தோம். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் அவள் சொன்ன முதல் சொல், “அறுங்க” என்பது.

“எத?”

“எதன்னு கேக்குறீகளே. வள்ளத்தத்தான். ஆனா அவனுக்கு நீங்கதான் எழுதணும். ஒங்க கையால எழுதணும். அடுத்தவுக கிட்ட போயி எழுதி வாங்கிப் போடக் கூடாது.”

அதனால்தான் இந்தக் காகிதம் என் எழுத்தில் வருகிறது. அறுத்ததும் நான்தான். ஆசாரி அறுக்க மாட்டேன் என்றுவிட்டார். ஓடுகிற வள்ளத்தில் வாள் வைத்தால் கை விளங்காது என்றார். பக்கத்தில் நின்று வழி மட்டும் சொன்னார். நீயும் நானும் வள்ளம் கட்டிய ஓடாவியோடு சேர்ந்து வெயிலில் வளைத்த பலகைகள், ஆணியைக் கழற்றக் கழற்ற முனகின. “உப்புக் குடிச்ச பலகை பாய். எத்தன வருசமானாலும் காயாது. வாடைக்கு வேர்க்கும், பாத்துக்கங்க” என்று ஆசாரி முதலிலேயே சொன்னார். கிணற்று நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினேன். நக்கிப் பார்த்தால் கரிக்கத்தான் செய்தது. இந்தத் தடவை பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு விரல் இடம் விட்டேன். இரும்பு ஆணியை விட்டுவிட்டுப் பூவரசங் குச்சியைச் சீவி முளை அடித்தேன். கலப்பத்து இல்லை, எண்ணெய் இல்லை. பலகைகளின் வளைவை மட்டும் நிமிர்த்த முடியவில்லை. அப்படியே வைத்தேன். உம்மாவை அதில் உட்கார வைத்தோம். அந்த வளைவு அவள் முதுகுக்குச் சரியாகப் பொருந்தியது. கண்ணை மூடிக்கொண்டாள். “நல்லாத்தான் இருக்கு” என்றாள். “வருத்தமா இருக்கு, ஆனா நல்லாத்தான் இருக்கு.”

வாடை தொடங்கிவிட்டது. ஆசாரி சொன்னபடியே பலகை வேர்க்கிறது. மழை பெய்யாத நாளிலும் காலையில் தொட்டால் ஈரம். உம்மாவின் துணி முதுகுப் பக்கம் நனைந்து போகிறது. எழுந்ததும் நான் செய்கிற முதல் வேலை பலகையைத் துடைப்பது. துடைத்துச் சாக்குப் போட்டு, அதன்மேல் பாய் போட்டு அவளைச் சாய்க்கிறேன். மதியத்துக்குள் அதுவும் ஈரம். இந்தப் பெஞ்சும் நிற்காது. நல்ல பலகை நனைந்து மக்கியது, இது காயாமலே மக்கும். ஆனால் அவளுக்கு வேண்டிய காலம் வரை நிற்கும் என்று ஆசாரி சொன்னார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமே என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

நீ உடனே புறப்பட்டு வா என்று இதில் எழுதட்டுமா என்று உம்மாவைக் கேட்டேன். வேண்டாம் என்றாள். வரவேண்டாம் என்று எழுதட்டுமா என்றேன். அதுவும் வேண்டாம் என்றாள். அதனால் இரண்டையும் எழுதவில்லை. நீ விசாவுக்கு எழுதிப் போட்டு, அது வந்து, கப்பல் ஏறி வருவதற்குள் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிகிறது. இல்லாத நம்பிக்கையை உனக்குத் தபாலில் அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

ஒரு பக்கம் எழுதி முடித்ததும் அவள் முன்னால் பிடிக்கிறேன். பேனாவைப் பிடிக்க முடியாததால், தப்பு இருக்கிற இடத்தில் வீங்கிய விரலை வைக்கிறாள். நான் அடித்துவிட்டுத் திருத்துகிறேன். டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும் என்று நேற்று முடிவு செய்தேன். அவளும் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். ‘இனிமேல் உம்மா பிளைப்பது கஷ்டம்’ என்று எழுதிக் காட்டினேன். அவள் விரல் அந்த வரியில் வந்து நின்றது. அழித்துவிடச் சொல்வாள் என்று பார்த்தேன்.

“பிளைக்கிறது இல்ல, பிழைக்கிறது. மாம்பழத்துக்குப் போடுற ழ போடுங்க” என்றாள்.

அவளைத் தவிர நம் ஊரில் யார் வாயிலும் அந்த எழுத்து வராது. நமக்கு அது மாம்பளந்தான். காதில் கேட்டதை எழுதுகிறவனுக்கு இது எப்படித் தெரியும்? திருத்தினேன். தப்புக்கு ஏட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன், அதுவும் பிழைதான், அதே எழுத்துதான் என்றாள். இது என்ன பாஷை, தப்பாகப் போவதற்கும் உயிரோடு இருப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு சிரித்தாள்.

“அடுத்த காயிதத்துல பிழை நெறைய இருந்தா, நான் பிழைக்கலன்னு அவனே தெரிஞ்சுக்குவான். நீங்க சங்கடப்பட்டு எழுத வேண்டாம்.”

இதையும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். வியாழக்கிழமை தபால்காரர் வரும்போது இதைக் கொடுப்பேன். வருகிற வாரமும் உனக்கு எழுதுவேன் மகனே. அந்தக் காகிதத்தைக் கடையில் நின்றுகொண்டு பிரிக்காதே. வீட்டுக்குக் கொண்டுபோய் உட்கார்ந்து வாசி.

உன் வாப்பா